ஒரு நிமிஷப் பிடி

பிடித்தாயிற்று. இனி ஒரு நிமிஷம் இந்தக் கையை விடக் கூடாது. தும்மல் வந்தாலும் விடக் கூடாது, கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் விடக் கூடாது என்று டாக்டர் ஜெசிந்தா தன் இடது கைக்குச் சொன்னாள். அந்தக் கைக்கு இதெல்லாம் அவளைவிட நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், நடுவில் லிதன்யாவின் மேல்கை. ஐந்து வயதுப் பிள்ளையின் கை என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டது. புறங்கையில் ஊசியை வார்டிலேயே ஏற்றியாகிவிட்டது, மரத்துப்போகிற களிம்பைத் தடவி, அது வேலை செய்கிறவரை காத்திருந்து, பிள்ளை செல்போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அந்த ஊசி வழியாக இப்போதுதான் மரமரப்பு மருந்தைக் கொஞ்சமாகத் தள்ளியிருக்கிறாள். அது மேலே ஓடிப் போய்விடாமல் அந்த நரம்புக்குள்ளேயே தங்கி, உள்பக்கத்தை மரத்துப்போக வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிடி. அப்புறந்தான் வெள்ளை மருந்து. வெள்ளை மருந்து தட்டில் இருக்கிறது, பெரிய சிரிஞ்சில், பார்க்கப் பச்சப்பிள்ளைக்கு ஊட்டுகிற பால் மாதிரி, ஒரு பாவமும் அறியாத மாதிரி. அதுதான் பிள்ளையைத் தூங்க வைக்கப் போகிறது. ஆனால் தூங்க வைப்பதற்கு முன்னால் புறங்கையிலிருந்து தோள்வரைக்கும் எரித்துக்கொண்டே போகும். அந்த எரிச்சலைத்தான் இந்த ஒரு நிமிஷம் தடுக்கும். தடுக்க வேண்டும். ரப்பர் பட்டை போட்டும் கட்டலாம், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் பட்டை தோலைக் கவ்வும், பிள்ளை அதற்கே அழும். அதனால் ஜெசிந்தா கையால்தான் பிடிப்பாள். ரொம்ப இறுக்கினால் வலிக்கும், தளர்த்தினால் மருந்து நழுவிவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது விரலுக்குத்தான் தெரியும். தியேட்டரில் அதற்கு 'ஜெசிந்தா பிடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே தென்காசியில் சாரல் சீசன், ஏசி போடாமலே அறை சில்லென்றிருக்கிறது, அவளுக்கு மட்டும் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்குகிறது. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் இப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது.

"என்ன டாக்டரே, கைய பிடிச்சு ஜோசியம் பாக்கீங்களா?" என்றார் ஆபரேஷன் செய்ய வந்திருந்த டாக்டர் கோமதிநாயகம், கைகழுவும் இடத்திலிருந்து ஈரக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே. "பாத்ததுதான் பாக்கீங்க, ஆயுசு எம்புட்டுன்னும் சொல்லிருங்க."

சங்கரவடிவு சிஸ்டர் சிரித்தாள். ஜெசிந்தாவும் சிரிக்க வாய் எடுத்து, பாதியில் நிறுத்தினாள். அந்த மனுஷன் தங்கமான மனுஷன், வாயில் வருவதைச் சொல்லிவிடுவார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு இது தொண்டைச்சதை எடுக்கிற ஒரு சின்ன ஆபரேஷன், முடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போகலாம். பிள்ளையின் தலைமாட்டில், சேலைக்கு மேல் பச்சை அங்கியும் தலையில் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிற அம்மா யார் என்று அவருக்குத் தெரியாது. முப்பிடாதி சிரிக்கவில்லை. அவள் மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆயுசு என்ற சொல் அவள் காதில் விழுந்ததா இல்லையா? விழாமல் எங்கே போகும், கை நீட்டினால் தொடுகிற தூரம். ஐயோ, இந்த மனுஷன் வாயை எதைப் போட்டு அடைக்க. அம்மாவை உள்ளே கூட்டி வருவதே இந்த ஆஸ்பத்திரியில் வழக்கமில்லை, நேற்று அதற்கு ஒரு சண்டை, கிருமி வரும், மயங்கி விழுவாள், அழுது ஊரைக் கூட்டுவாள் என்று ஆளுக்கொரு காரணம். "விழுந்தா நான் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டாள் ஜெசிந்தா. அவ்வளவு தைரியமாகப் பேசியவள் யார் என்று இப்போது அவளுக்கே சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் அம்மாவை உள்ளே வைத்துக்கொள்வது என்றால் என்ன, நடக்கப் போவது எதுவானாலும் அது அவள் கண் முன்னால் நடக்கும், கதவு கிடையாது, மறைப்பு கிடையாது. அன்றைக்கு ஒரு கதவாவது இருந்தது.

முப்பிடாதியைப் போன வாரம் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரையும் போல அனுப்பியிருந்தார்கள். கதவைத் திறந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்பைவிட ஒல்லி, காதோரம் நரை, ஆனால் அதே நிற்பு, ஒரு காலை மடக்கி ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற நிற்பு. அந்த நிற்பை ஜெசிந்தா எத்தனை தூக்கத்தில் பார்த்திருக்கிறாள். யாரோ என்று நினைத்துக்கொள்ள ஒரு வழி இருக்காதா என்று தேடியபோதே முப்பிடாதி பேசிவிட்டாள். "உங்களத் தேடித்தான் வந்தேன் டாக்டரம்மா. திருநேலில விசாரிச்சேன், இங்க வந்துட்டாவன்னு சொன்னாவ." எதற்குத் தேடினாய் தாயே, ஊரில் மயக்க டாக்டருக்கா பஞ்சம், என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பிள்ளையின் பெயரைக் கேட்டாள். லிதன்யா. லி-யில் பேர் வைக்கணும்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாவ, என்ன அர்த்தம்னு யாருக்குத் தெரியும், என்று முப்பிடாதி சிரித்ததும் ஜெசிந்தாவும் சிரித்தாள், இரண்டு பேரும் சாதாரண அம்மாவும் சாதாரண டாக்டரும் போல. அப்புறம் இருமல் உண்டா, சளி உண்டா, இதற்கு முன் மயக்க மருந்து கொடுத்ததுண்டா என்ற வழக்கமான கேள்விகள். வீட்டில் வேறு யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை ஏதும் வந்ததுண்டா என்ற கேள்வி வரிசையில் அடுத்ததாக இருந்தது, அது வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. முப்பிடாதி அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. மகளின் காதைத் தன் நெஞ்சோடு பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எரியுமா?" இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, பிழைப்பாளா என்று கேட்கவில்லை, எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவில்லை. எரியுமா. அதற்கு ஜெசிந்தா என்ன சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் எரியலாம்மா, முடிந்தவரை பார்க்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். மயக்க டாக்டர் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறதில்லை, அது இந்தத் தொழிலில் நுழைந்த அன்றைக்கே மண்டையில் ஏற்றுகிற பாடம். "எரியாம நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

வைஷாலிக்கு, முப்பிடாதியின் மூத்த பிள்ளைக்கு, ஆறு வயது. அப்போது ஜெசிந்தா திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். காலையில் எழுந்ததும் வாந்தி, தலைவலி, நடந்தால் ஒரு பக்கம் சாய்வது என்று கொண்டுவந்தார்கள், தலைக்குள் கட்டி. பெரிய ஆபரேஷன், பிழைப்பது கஷ்டந்தான் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆபரேஷனும் நடந்தது, கட்டியையும் எடுத்தார்கள், பிள்ளை மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நாள் மிஷின் மூச்சில் கிடந்து போய்விட்டாள். இதில் யாரையும் ஒரு குற்றம் சொல்வதற்கில்லை, ஜெசிந்தாவைச் சுத்தமாகச் சொல்வதற்கில்லை, கட்டி அப்படிப்பட்ட கட்டி. அதெல்லாம் சரி. ஆனால் வெள்ளை மருந்தைத் தள்ள ஆரம்பித்ததும் அந்தப் பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்து, "அம்மா எரியுது, எரியுதும்மா" என்று கத்தியதே, அது? கண்ணை அகல விரித்து ஜெசிந்தாவைப் பார்த்தாள். நீதானே இவ்வளவு நேரம் என்னோடு நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தாய், எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று நீதானே சொன்னாய் என்கிற பார்வை. ஜெசிந்தா வழக்கம்போல அந்தக் கையை மெத்தையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இந்தா முடிஞ்சிட்டு, இந்தா முடிஞ்சிட்டுடா என்றாள். முடிந்துவிட்டது. அந்தக் கண் மூடியது, அப்புறம் திறக்கவே இல்லை. அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது அதுதான். கடைசியாகப் பார்த்தது அவள் முகத்தைத்தான், முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்ணை. கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கு முப்பிடாதி அழாமல் வந்து நின்று, "எரியுதுன்னு சொன்னாளே, அது என்னது?" என்று கேட்டாள். "அது சாதாரணம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஜெசிந்தா. பொய்யில்லை. சாதாரணந்தான். நாள் தவறாமல், தியேட்டர் தவறாமல் பிள்ளைகள் அப்படித்தான் கத்தும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், பெரிய டாக்டர் "விடும்மா, முழிச்சா ஞாபகம் இருக்காது" என்பார். ஞாபகம் இருக்காது. முழித்தால். முழிக்காத பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று அதற்கப்புறம் எத்தனையோ நாள் பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நிற்கும்போது அந்தச் சொல் அவளை வந்து இடறும். முழிக்காத பிள்ளைக்கு அந்த எரிச்சல் எங்கேயாவது போய் முடிந்ததா, இல்லை இன்னும் எரிந்துகொண்டே இருக்கிறதா? படித்தவள் நினைக்கிற நினைப்பா இது. படித்தவள்தான் நினைக்கிறாள்.

"டாக்டரம்மா, முழிச்ச உடனே ஐஸ்கிரீம் தருவீங்களா?" என்று லிதன்யா கேட்டாள். பசி, பாவம், ராத்திரியிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை. "தருவேன்டா. எந்த ஐஸ்கிரீம் வேணும்?" "ரோஸ் கலர்." "ரோஸ் கலர்தான். வேற?" "வேற... மஞ்சக் கலர்." கை இறுக்கமா இருக்காடா என்றதற்கு, லேசா என்றாள். லேசாக என்றால் சரியான இறுக்கந்தான். மற்ற டாக்டராக இருந்தால் முகத்தில் மாஸ்க்கை வைத்து மயக்கக் காற்றிலேயே தூங்க வைத்திருப்பார்கள், ஊசியும் வேண்டாம் எரிச்சலும் வேண்டாம். ஜெசிந்தாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் இந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆவி மாஸ்க்கை அமுக்கி அமுக்கி வைத்து, மாஸ்க்கைக் கண்டாலே நீலம் பாரிக்க அழுகிறாள். நேற்று வார்டில் சும்மா காட்டிப் பார்த்ததற்கே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். தூங்கின பிறகு வைத்தால் தெரியாது. ஆக, ஊசிதான். விதி எப்படி ஆளைத் தேடி வருகிறது பார், அதே வெள்ளை மருந்து, அதே அம்மா, அதே ஜாடையில் ஒரு மூக்கு. மூக்கைப் பார்க்காதே. கடிகாரத்தைப் பார். சிவப்பு முள் இன்னும் கீழேகூட இறங்கவில்லை. மணிக்கட்டில் நாடி துடிக்கிறது, நல்லது, ரத்தம் கீழே வருகிறது, மேலே மட்டும் போகவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

பித்தப்பைக் கல்லுக்காக அவளே ஒரு நாள் மேஜையில் படுக்க நேர்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளோடு படித்த சிநேகிதிதான் மருந்து கொடுத்தாள், "ஜெசி, லேசா சுள்ளுன்னு இருக்கும்டி" என்றாள். லேசாகவா! அடிப்பாவி, லேசாகவா! மிளகாய் அரைத்த அம்மியை நரம்புக்குள் கழுவி ஊற்றின மாதிரி புறங்கையில் ஏறி, முழங்கையைத் தாண்டி, தோளுக்கு வருவதற்குள் வாயைத் திறந்து கத்த வேண்டும் போல இருந்தது, கத்துவதற்குள் இருட்டிவிட்டது. ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் அவளுக்கு மாதாவும் நினைவுக்கு வரவில்லை, புருஷனும் வரவில்லை. வைஷாலி வந்தாள். இதுவா? இதையா எறும்பு என்றேன்? முழித்ததும் தையல் வலித்தது, தொண்டை வறண்டிருந்தது, ஆனால் முதலில் ஞாபகம் வந்தது கைதான். ஞாபகம் இருக்காதாம்! யாரைக் கேட்டுச் சொன்னார்கள்? யாராவது ஒரு பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டார்களா? அன்றையிலிருந்து தேடித் தேடிப் படித்தாள். மரமரப்பு மருந்தை முன்னால் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொள், ஒரு நிமிஷம் பொறு, விடு, அப்புறம் கொடு என்று எங்கேயோ எப்போதோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வித்தை இல்லை. யாருக்கும் அந்த ஒரு நிமிஷம் நிற்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அடுத்த கேஸ் காத்திருக்கிறது, டாக்டர் கைகழுவிவிட்டார், கையை விடு, கையை விடு. அதற்குப் பிறகு இந்தக் கை எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்திருக்கும், யார் கண்டது. ஒவ்வொரு தடவையும் அந்த நிமிஷத்துக்குள் வைஷாலி ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவாள். பேச மாட்டாள். அந்தப் பார்வைதான்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது கேட்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். போன மாதம் ஆலங்குளத்துப் பையன் ஒருத்தன், எல்லாம் சரியாகத்தான் செய்தாள், ஒரு நிமிஷமும் முழுசாகப் பிடித்தாள், ஆனாலும் மூஞ்சியைச் சுளித்து 'ஆ' என்றான். லேசாகத்தான், பெரிதாக இல்லை, மற்றவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. ஒரு சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். இவள் அந்த ஒரு சில பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்துவிட்டால்? இதே வாயால், இதே குரலில் எரியுதும்மா என்று சொல்லிவிட்டால்? அக்கா தங்கச்சி குரல் ஒரே மாதிரிதானே இருக்கும். முப்பிடாதியின் முகம் அப்போது எப்படி ஆகும்? ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும், பிள்ளை முழித்து ஐஸ்கிரீம் கேட்டு அழட்டும், எதுவும் எடுபடாது, அந்த ஒரு சொல்லை அவள் இரண்டாம் தடவை காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மாதாவே, இந்த ஒரு தடவை. இந்த ஒரே ஒரு பிள்ளை. வேறு எதுவும் கேட்கவில்லை. சிரிஞ்சில் இருப்பது அந்த மருந்துதானா? தானே எடுத்தாள், தானே பெயரை ஒட்டினாள், இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தாள், இருந்தும் கண் மறுபடியும் தட்டுக்குப் போகிறது. வெள்ளைதான். வெள்ளையாக வேறெதுவும் இங்கே கிடையாது.

"எங்க அக்காவுக்கும் நீங்கதான் ஊசி போட்டீங்களாம்" என்றாள் லிதன்யா.

அறை ஒரு கணம் எங்கோ போய்விட்டு வந்தது. யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. "எங்கம்ம சொன்னா. போட்டோவுல இருக்காள்ளா, எங்க அக்கா, அவளுக்கு. நான் அவளப் பாத்ததே இல்ல." முப்பிடாதியின் கை நெற்றியில் நின்றுவிட்டது. டாக்டர் கோமதிநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, கைகழுவுகிற குழாய்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை பேச்சுப் பேசுகிற மனுஷன், அந்த மட்டும் புரிந்துகொண்டார். "ஆமாடா" என்றாள் ஜெசிந்தா. "அக்கா அழுதாளா?" என்று கேட்டது பிள்ளை. அதன் கண்ணில் பயம் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசைதான், ரோஸ் கலர் கேட்ட அதே குரல். ஜெசிந்தாவுக்குத் தன் விரல்கள் தளர்வது தெரிந்தது. இறுக்கு. விடாதே. இல்லையே, அழவே இல்லையே, என்று சொல்லிவிடலாம். பெற்றவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள், தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னால் எந்த வாயால் சொல்ல. அழுதாள் என்று சொல்லலாமா, இப்போது, ஊசி போடுகிற நேரத்தில், இந்தப் பிள்ளையிடம்? எதைச் சொன்னாலும் தப்பு. இந்தக் கேள்வியைத்தான் ஏழு வருஷமாக எங்கேயோ யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், கடைசியில் அது ஒரு பிள்ளையின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீ அழமாட்ட" என்றது முப்பிடாதியின் குரல், மெதுவாக. "டாக்டரம்மா கைய பிடிச்சிருக்காவல்லா."

சிவப்பு முள் மேலே வந்துவிட்டது. ஜெசிந்தா பிடியை விட்டாள். விட்ட கையாலேயே பிள்ளையின் முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொண்டு, மறுகையால் வெள்ளை மருந்தை ஊசியில் பொருத்தினாள். "லிதன்யா, உங்க வீட்ல என்னல்லாம் வளக்கீங்க?" "ரெண்டு ஆடு" என்றாள். தள்ளினாள், மெதுவாக, குழாயில் வெள்ளை நகர்ந்து போவது தெரிந்தது, போய்விட்டது, உள்ளே போய்விட்டது. இப்போது. எரிவதானால் இப்போதுதான். ஜெசிந்தாவின் புறங்கை எரிந்தது, அவளுடைய புறங்கை, அதில் ஊசியே இல்லை. பிள்ளையின் புருவத்தைப் பார்த்தாள். புருவந்தான் முதலில் சொல்லும். "ஒரு ஆடு கறுப்பு. இன்னொண்ணு குட்டி போடப் போவுது. அது போட்ட உடனே எனக்குத்தான்னு எங்கம்ம..." விரல்கள் அப்படியே இருந்தன, இழுக்கவில்லை, மடங்கவில்லை. புருவம் அசையவில்லை. "எங்கம்ம சொல்லிருக்..." அவ்வளவுதான். பாதிச் சொல்லில், வாயைத் திறந்தபடி, கட்டில் நுனியில் கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிற பிள்ளை மாதிரி தூங்கிப்போனாள். ஜெசிந்தா தலைமாட்டுக்கு வந்து, முப்பிடாதி எழுந்து பின்னால் ஒதுங்க, மாஸ்க்கை எடுத்து முகத்தில் பொருத்தி, இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூச்சுப் பையை அமுக்கத் தொடங்கினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. இனி இந்தப் பிள்ளையின் மூச்சு அவள் கையில், அதில் அவளுக்குப் பயமில்லை, அது அவளுக்குத் தெரிந்த வேலை. எரியவில்லை! எரியவே இல்லை! எங்கேயாவது ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழலாம் போல இருந்தது. மாதாவே, தாயே, உனக்கு ஒரு மெழுகுவர்த்தி இல்லை, ஒரு கட்டு வாங்கிக் கொளுத்துகிறேன். திரும்பி முப்பிடாதியைப் பார்க்க முடியவில்லை, கண்ணை மாஸ்க்கிலிருந்து எடுக்கக் கூடாது, ஆனால் முதுகுக்குப் பின்னால் அவளும் இப்போது சிரித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைத்தாள்.

"தூங்கிட்டாளா?" என்றாள் முப்பிடாதி.

"தூங்கிட்டாம்மா. நல்லா தூங்கிட்டா. ஒரு முத்தம் குடுத்துட்டு நீங்க வெளிய இருங்க, சிஸ்டர் கூட்டிட்டுப் போவாங்க."

முப்பிடாதி பக்கத்தில் வந்து குனிந்து, மாஸ்க் மறைக்காத இடத்தில், காதோரமாக ஒரு முத்தம் கொடுத்தாள். நிமிர்ந்தாள். போகவில்லை. "எரியல" என்றாள்.

"எரியலம்மா."

"கைய பிடிச்சீங்களே, அதனாலயா?"

"ஆமாம்மா."

சங்கரவடிவு சிஸ்டர் முப்பிடாதியின் தோளைத் தொட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வருவது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரமாக, இந்த ஒரு நிமிஷம் முழுவதும், எரிந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதையே நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவள், எரியாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாளா? புத்தி கெட்டவள். எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாளோ அதற்கு மறுபக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அப்போ வைஷாலிக்கும் இப்படிப் பிடிச்சிருந்தா?"

பதில் ஒன்று அவளிடம் இருந்தது. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருந்த பதில். அன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா, உங்க வைஷாலி சொன்னதாலதான் நான் தெரிஞ்சிக்கிட்டேன், அவளாலதான் இன்னைக்கு எத்தனையோ பிள்ளைங்க அழாம தூங்குது. எல்லாம் உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்றைக்குச் சொன்ன 'சாதாரணம்' மாதிரியே பொய்யில்லை. அது தொண்டைவரை வந்தது. மூச்சுப் பையை ஒரு தடவை அமுக்கினாள், இன்னொரு தடவை அமுக்கினாள்.

"எரிஞ்சிருக்காதும்மா" என்றாள்.

பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கடிகாரம் ஓடுகிற சத்தமும், பிள்ளையின் இருதயத் துடிப்பை மிஷின் சொல்லிக்கொண்டிருக்கிற சத்தமுந்தான்.

"ஒரு நிமிஷந்தான ஆச்சு" என்றாள் முப்பிடாதி. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை, அது இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. "கதவுக்கு வெளிய சும்மாதான நின்னேன் டாக்டரம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நான் வந்து பிடிச்சிருப்பனே."

அப்புறம் செருப்பில்லாத காலடிச் சத்தம் கதவுவரைக்கும் போனது. கதவருகே நின்று, "இவள எழுப்பிக் குடுத்துருங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

ஜெசிந்தா கண்ணை எடுக்கவில்லை. மாஸ்க்குக்கு ஓரமாக, மேஜைமேல் லிதன்யாவின் கை கிடந்தது. மேல்கையில் அவள் பிடித்த இடத்தில் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்திலிருந்து மெதுவாக மங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் கோமதிநாயகம் பக்கத்தில் வந்து, வழக்கத்துக்கு மாறாகக் குரலை இறக்கி, "ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் ஜெசிந்தா.